டைல்ஸ் வேலைக்கு முட்டி பேட் வாங்கும் முன்

டைல்ஸ் வேலையில் பத்து வருஷம் தாண்டிய யாருடைய முட்டியையும் கிட்டத்தில் பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே தோல் கறுத்து, தடித்து, பழைய செருப்புத் தோல் மாதிரி காய்த்துப்போயிருக்கும். கரண்டி பிடிக்கிற கை காய்க்கிற மாதிரி இதுவும் ஒரு காய்ப்பு, அவ்வளவுதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தோலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சில்லுக்கு முன்னால், தோலுக்கு அடியில், பர்ஸா என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. தோலும் எலும்பும் உரசிக்கொள்ளாமல் வழுக்கிப் போவது அதனால்தான். நாள் முழுக்க அதன் மேல் உடம்பு பாரத்தைப் போட்டால் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். அதற்கும் உள்ளே, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், மெனிஸ்கஸ் என்கிற ஜவ்வு. முட்டியை முழுக்க மடக்கி உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் என்று உடம்பைத் திருப்பித் திருப்பி வேலை செய்யும்போது நைந்து கிழிவது அதுதான்.

ஜெர்மனியில் 2009-ல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது ஒரு கணக்கு வைத்தார்கள். ஒரு ஷிஃப்டில் குறைந்தது ஒரு மணி நேரம் முட்டி போட்டோ அதற்கு ஈடான விதத்தில் காலை மடக்கியோ வேலை செய்திருக்க வேண்டும், வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முட்டி தரையில் இருக்கிறது, மாசம் 25 நாள் வேலை என்று வைத்தால் வருஷத்துக்கு 1,200 மணி நேரம், பதினோரு வருஷத்தில் 13,000 தாண்டிவிடும். இருபது வயதில் கையாளாக வந்த பையன் முப்பத்தொன்றில் அந்த எண்ணைத் தொட்டுவிடுகிறான். பிரிட்டனும் 2012-ல் கார்பெட் பதிப்பவர்கள், தரை போடுபவர்களின் மூட்டுத் தேய்மானத்தைத் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. அங்கெல்லாம் எழுதி வைத்து இழப்பீடு தருகிற விஷயத்துக்கு நாம் இன்னும் சிமெண்ட் சாக்கை நாலாக மடித்துப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்.

சாக்கு, தெர்மாகோல், டைல்ஸ் பெட்டி அட்டை எல்லாம் ஒன்றுமே இல்லாததற்குத் தேவலை. ஆனால் அடுத்த கல்லுக்கு நகரும்போது அதையும் இழுத்துப் போட வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவை இழுக்க யாருக்கும் பொறுமை இருக்காது, பதினோரு மணிக்கு மேல் அது ஒரு மூலையில் கிடக்கும். கடையில் வாங்கும் பேட்டும் இப்படித்தான் தோற்றுப்போகிறது. காலையில் எல்லாரும் மாட்டுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் காலில் இருப்பதில்லை. வார் அறுக்கிறது, கீழே சரிகிறது, வேர்க்கிறது, கழற்றி வீசியாகிவிட்டது. அதனால் எந்தப் பேட்டைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இது சாயங்காலம் நாலு மணிக்கும் காலில் இருக்குமா என்பதுதான். இனிச் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

எதை வாங்கக் கூடாது

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து விழுவது மூன்று வகை. மூட்டு வலிக்காரர்கள் போடும் இறுக்கமான துணி உறை, வாலிபால் ஆடுபவர்கள் போடும் மெல்லிய ஸ்பாஞ்ச் பேட், ஸ்கேட்டிங்கோ பைக்கோ ஓட்டுபவர்கள் போடும் கெட்டி ஓடு வைத்த கார்டு. மூன்றும் நமக்கானவை இல்லை. விளையாட்டுப் பேட் ஒரு தடவை விழுந்தால் அடியைத் தாங்குவதற்குச் செய்தது. நாம் விழுவதில்லை, மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம். விழும்போது தாங்குகிற ஸ்பாஞ்சு பத்து நிமிஷம் தொடர்ந்து அழுத்தினால் அப்பளமாகிவிடும், அப்புறம் தரையும் சில்லும் நேருக்கு நேர்தான். ஸ்கேட்டிங் கார்டின் ஓடு உருண்டையாக இருப்பதால் முட்டி போட்டால் அரிசி ஆட்டுகிற குழவி மாதிரி இப்படியும் அப்படியும் உருளும். விழாமல் இருக்கத் தொடையும் இடுப்பும் ஓயாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் இடுப்பு ஏன் வலிக்கிறது என்று புரியாமல் தைலம் தேடுவீர்கள்.

முதலில் உங்கள் தரையைப் பாருங்கள்

ஒரே வீட்டில் நாம் மூன்று விதமான தரையில் முட்டி போடுகிறோம். கலவை போடுவதற்கு முன்னால் இருக்கும் கொத்திவிட்ட காங்கிரீட் தரை, அதில் செங்கல் சில்லு, ஜல்லி, வெட்டிப் போட்ட கட்டுக்கம்பி, சென்டிரிங் ஆணி எல்லாம் கிடக்கும். இங்கே கெட்டி முகம் வேண்டும், ஆணி ஏறாத பிளாஸ்டிக் ஓடு, ஆனால் முகம் தட்டையாக இருக்கட்டும். இரண்டாவது, கல் போட்டுக்கொண்டே பின்னால் நகரும்போது ஈரக் கலவையும், தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற சிமெண்ட் பாலும் சிந்திக் கிடக்கும் இடம். இங்கே தண்ணீர் உறிஞ்சாத பொருள் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அது தனிக் கதை.

மூன்றாவது, போட்டு முடித்த தரை. ஜாயின்ட் அடைப்பது, துடைப்பது, சுவர் அடியில் ஸ்கர்டிங் பட்டை ஒட்டுவது எல்லாம் புதுக் கல் மேல் உட்கார்ந்துதான். கெட்டி ஓட்டுக்கு அடியில் ஒரே ஒரு மணல் பருக்கை மாட்டினால் போதும், பளபளப்பான விட்ரிஃபைடு கல்லிலோ இத்தாலியன் மார்பிளிலோ நீங்கள் நகர்ந்த தடம் முழுக்கக் கோடு விழும். வீட்டுக்காரர் பார்க்கிற முதல் விஷயம் அதுதான். இந்தக் கட்டத்துக்கு முகம் மெத்தென்ற ரப்பரோ ஃபோமோ வைத்த பேட் வேண்டும். கறுப்பு ரப்பர் என்றால் ஒரு உடைந்த துண்டுக் கல்லில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சிலது கறை விடும். ஆத்தங்குடிக் கல் மாதிரி சிமெண்ட் கல் போடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மேற்பரப்பு எதையும் இழுத்துக்கொள்ளும். வினைல், மரப்பலகைத் தரைக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை மெத்தென்ற முகம் போதும்.

ஒரே ஜோடியில் எல்லாம் வேண்டும் என்றால் கிடைக்காது. முடிந்தால் கெட்டி முகம் ஒன்று, மெத்து முகம் ஒன்று என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் தடித்த ரப்பர் முகம் வைத்த தட்டைப் பேட் எடுங்கள், கொத்தின தரையை நன்றாகக் கூட்டிவிட்டு உட்காருங்கள்.

வார்தான் எல்லாம்

ஃபோமைப் பார்க்கிற ஆர்வத்தில் யாரும் வாரைப் பார்ப்பதில்லை. பேட் காலை விட்டுக் கழன்று போவது பெரும்பாலும் வாரினால்தான்.

முட்டிக்குப் பின்னால் மடிகிற குழியில் நேராக ஓடும் ஒற்றை வார் வேண்டவே வேண்டாம். காலை மடக்கும்போது அது குழிக்குள் புகுந்து அறுக்கும், வேர்வை சேர்ந்தால் ஒரு வாரத்தில் புண். முட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வார் இருந்து, நடுக்குழி காலியாக இருக்க வேண்டும். வார் குறைந்தது இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். மேல் வார் லேசாக இழுத்துக்கொடுக்கிற எலாஸ்டிக்காக இருந்தால் நல்லது, ஏனென்றால் உட்காரும்போது தொடை பருமனாகும், எழுந்தால் குறையும்.

கீழ் வார் விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு குமிழ் மாதிரி தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஓடுகிறது, பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பு. வார் அதன் மேல் இறுகினால் கால் வெளிப்பக்கமும் புறங்காலும் மரத்துப்போகும். ‘கால் தூங்கிடுச்சு’ என்று உதறிவிட்டு மறுபடி உட்காருகிறோமே, அது பல நேரம் இதுதான். தினமும் அழுத்தினால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. வார் அந்தக் குமிழுக்கு நாலு விரல் கீழே, கெண்டைக்கால் சதை மேல் ஓட வேண்டும். போட்டுப் பார்க்கும்போதே விரலால் தொட்டுச் சரிபாருங்கள்.

வெல்க்ரோவா, கிளிப்பா? வெல்க்ரோ போடவும் கழற்றவும் சுலபம், ஆனால் ஜாயின்ட் அடைக்கிற கிரௌட் தூளும் சிமெண்ட் தூளும் அடைத்து இரண்டு மூன்று மாசத்தில் பிடி விட்டுவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் வாரம் ஒரு தடவை தேய்த்தால் கொஞ்சம் கூட உழைக்கும். நான் பிளாஸ்டிக் கிளிப் வைத்ததைத்தான் எடுப்பேன். அது உடைந்தாலும் பை தைக்கிற கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

லுங்கி மேல் எந்தப் பேட்டும் நிற்காது, துணி சுருண்டு உள்ளே போய் அதுவே கட்டி மாதிரி அழுத்தும். அரை டிராயர் போட்டு வெறும் தோலில் கட்டினால் வேர்க்குரு. மெல்லிய டிராக் பேன்ட்தான் சரி. கடைக்குப் போகும்போதும் வேலைக்குப் போடுகிற அதே பேன்ட்டோடு போங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது

சட்டைப் பையில் கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். சிரிக்க வேண்டாம், நான் அப்படித்தான் போவேன். கெட்டி முகப் பேட் என்றால் சிப்ஸைத் தரையில் வைத்து அதன் மேல் முட்டி போடுங்கள், முழுப் பாரமும் ஒரு காலில் வரும்படி. கல் இருக்கிற இடம் தெரியவே கூடாது. மெத்து முகம் என்றால் ஒரு ரூபாய் நாணயம் போதும். அப்புறம் உள்பக்க ஃபோமைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். விரல் எந்தத் தடையும் இல்லாமல் அடிவரை போய்விட்டால் அது வெறும் ஸ்பாஞ்சு, அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். அழுத்தம் கொடுக்கக் கொடுக்க எதிர்த்து நிற்க வேண்டும், விட்டதும் உடனே பழைய உயரத்துக்கு வர வேண்டும். சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஈ.வி.ஏ. என்கிற ரப்பர் மாதிரியான ஃபோம் நன்றாக உழைக்கும். ஜெல் என்று போட்டிருந்தால் நல்லதுதான், ஆனால் ஃபோமுக்கு மேல் மெல்லிய ஜெல் படுகையாக இருந்தால் மட்டும். முழுக்க ஜெல்லாக இருப்பது கனக்கும், நம் ஊர் வெயிலில் சூடேறும்.

முட்டி போட்டபடி ஐந்து நிமிஷமாவது இருங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு எழுந்து இருபது தப்படி நடங்கள், மறுபடி உட்காருங்கள், இப்படி நாலைந்து தடவை. சில்லு பேட்டின் நடுவிலேயே வந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையால் மேலே இழுத்துவிட வேண்டியிருந்தால் அது நாலு மணிப் பேட் இல்லை. இன்னொன்று, சில்லு மட்டும் பாரம் தாங்குகிற மாதிரி குட்டையான பேட்டைவிட, சில்லுக்குக் கீழே முன்னங்கால் எலும்பு மேலும் ஒரு சாண் நீண்டு பாரத்தைப் பரப்புகிற பேட் எப்போதும் மேல். விலை கூடத்தான் செய்யும். ஆனால் சில்லின் பாரத்தைக் கீழ்க்காலும் பங்கு போட்டுக்கொள்வதை முதல் நாளே உணர்வீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், வந்ததும் வீட்டு வாசலில் இருபது நிமிஷம் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் டேகை வெட்டுங்கள். பேட்டிலோ அட்டையிலோ ஈ.என். 14404 என்று போட்டிருக்கிறதா தேடுங்கள். முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கான ஐரோப்பியத் தர எண் அது. கூடவே டைப், லெவல் என்று இரண்டு எண் இருக்கும். டைப் 1 காலில் வார் போட்டுக் கட்டுவது, டைப் 2 பேன்ட் பாக்கெட்டில் செருகுவது, டைப் 3 தரையில் போடும் பாய், டைப் 4 உட்காரவோ எழவோ உதவும் சட்டத்தோடு வருவது. லெவல் 0 என்றால் சமதரைக்கு மட்டும், கூர்மையானது ஏறினால் தடுக்காது. லெவல் 1 மேடுபள்ளமான தரைக்கும் ஆகும், கூர்முனை 100 நியூட்டன் விசையில், அதாவது சுமார் பத்து கிலோ பாரத்தில், அழுத்தினாலும் தாங்கும். லெவல் 2-க்கு அதுவே 250. நமக்கு லெவல் 1 போதும், கொத்தின தரையிலேயே பெரும்பாலும் வேலை என்றால் 2.

பாக்கெட்டில் செருகுவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வாரே இல்லாததால் நரம்பு, அறுப்பு எதுவும் இல்லை, எனக்குப் பிடித்த வழி. தெரிந்த டெய்லர் இருந்தால் பழைய பேன்ட்டிலேயே பாக்கெட் வைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் நின்றபடி அளவு கொடுக்காதீர்கள். முட்டி போட்டால் துணி மேலே ஏறும். முட்டி போட்டு உட்கார்ந்து, சில்லு இருக்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள்.

சிமெண்ட் பால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் திருப்பூர் பக்கம் ஒரு வீட்டில் பாத்ரூம் ஸ்லோப் போட்டுக்கொண்டிருந்தேன். துணி உறை போட்ட ஸ்பாஞ்ச் பேட், உட்கார இதமாக இருக்கிறது என்று அதையே கட்டியிருந்தேன். பால் ஊற்ற ஊற்ற அது உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது, ஈரமாக இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, வலியும் இல்லை. சாயங்காலம் கழற்றினால் முட்டியில் உள்ளங்கை அளவுக்குத் தோல் சாம்பல் நிறத்தில் ஊறிப்போய் இருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது துணியோடு வந்துவிட்டது. அப்புறம் பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது.

ஈர சிமெண்ட் கடும் காரம். பி.ஹெச். 12, 13 வரை போகும், சுண்ணாம்பு கொதிக்கிற மாதிரிதான். எரிச்சல் தெரிவதற்கு முன்பே தோலைத் தின்றுவிடும். டைல்ஸ் ஒட்டும் பசையும் பெரும்பாலும் சிமெண்ட்தான், அதிலும் இதே கதை. துணியும் திறந்த ஸ்பாஞ்சும் அந்தக் காரத்தை ஒத்தடம் கொடுக்கிற மாதிரி மணிக்கணக்காகத் தோலோடு பிடித்து வைத்திருக்கும். வாங்கும்போது பேட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் எடுக்கலாம், உள்ளே போய்விட்டால் ஈர வேலைக்கு ஆகாது. வேலைக்கு நடுவில் முட்டி நனைந்தது என்று தெரிந்தால் அந்தக் கல்லோடு நிறுத்திக் கழற்றி, நல்ல தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவுங்கள், பேன்ட்டையும் மாற்றுங்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

பேட் போட்டாலும்

பேட் சில்லையும் பர்ஸாவையும் காப்பாற்றும். முட்டியை முழுக்க மடக்குவதால் ஜவ்வுக்கு வரும் பாரத்தை அதனால் குறைக்க முடியாது. டென்மார்க்கில் தரை போடுபவர்களையும் கிராஃபிக் டிசைனர்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் தரை போடுபவர்களுக்குத்தான் மெனிஸ்கஸ் கிழிசல் அதிகம் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டி தரையில் படவில்லையே என்று நினைக்காதீர்கள், மடங்குவது அதே மடக்குதான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து காலை நீட்டுங்கள், கலவை எடுப்பது, கல் வெட்டுவது, பெட்டி பிரிப்பது மாதிரி நின்று செய்கிற வேலையை நடுநடுவே கலந்துகொள்ளுங்கள். துடைக்கும் வேலைக்கு நீளக் கைப்பிடி வைத்த ஸ்பாஞ்ச் வாங்கிக்கொண்டால் அந்த ஒரு வேலையாவது நின்றபடி முடியும். ஸ்கர்டிங்குக்கு ஒரு சாண் உயர ஸ்டூல்.

சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கினால் முட்டி போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வீக்கம் சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போயாக வேண்டும், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் ஜவ்வைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய் போட்டு உருவி விடுபவரிடம் இந்த மூன்றுக்கும் போகாதீர்கள்.

பேட் எத்தனை நாள் வரும் என்று கேட்டால், மாசத்தில் எண்ணிச் சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய அன்றே தடிமனை அளந்து உள்பக்கம் எழுதி வையுங்கள். பாதியாகக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். தினமும் சாயங்காலம் கழுவி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் ஃபோம் பொடியும். விலை பார்த்துத் தயங்காதீர்கள், உருப்படியான ஜோடி ஒன்று இரண்டு மூன்று நாள் கூலிக்குள் வந்துவிடும்.

கையாளுக்கும் ஒரு ஜோடி சேர்த்து வாங்குங்கள். மேஸ்திரி நூல் கட்ட, மட்டம் பார்க்க என்று எழுந்துகொண்டாவது இருப்பார். ஜாயின்ட் அடைத்துத் துடைக்கிற பையன் ஒரு ஹால் முழுக்க முட்டியிலேயே போகிறான். உங்கள் பழசைக் கொடுக்க வேண்டாம், அது உங்கள் கால் வடிவத்துக்கு அமுங்கிப்போனது, வேர்வையும் ஊறியிருக்கும். அவனையே கடைக்குக் கூட்டிப்போய் மாட்டிப் பார்க்கச் சொல்லி வாங்கி, உள்பக்கம் மார்க்கரில் அவன் பெயரை எழுதிக் கொடுங்கள்.